முதுகில் எத்தனை கிலோ

ருபியெம் வாயிலிருந்து 'முடியாது' என்ற ஒரு சொல்லை வரவழைப்பதற்குள் நம் உயிர் போய்விடும். நான் கிழக்கு ஜாவாவிலிருக்கும் சுரபாயாக்காரி. எங்கள் ஊரில் பசித்தால் பசிக்கிறது என்போம். பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். கல்யாணமாகி நடு ஜாவாவிலிருக்கும் இந்த ஜோக்ஜாவுக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகியும் இந்த ஊர்ச் சனத்தின் பணிவு எனக்குப் பிடிபடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் மூன்று முறை வேண்டாம் என்பார்கள், நாம் நான்காவது முறையும் கூப்பிட வேண்டும். காலை மிதித்துவிட்டால் மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்பார்.

கிவாங்கான் சந்தையின் தெற்கு வாசலில் என் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அவித்த கீரையும் முளைப்பயறும் வைத்து மேலே கடலைச் சாந்து ஊற்றிய சோறு, எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த தெம்பே என்கிற சோயா வில்லை, இஞ்சித் தண்ணீர், அவ்வளவுதான் சரக்கு. தின்ன வருகிறவர்களில் பாதிக்கு மேல் சுமைக்காரப் பெண்கள். லாரியில் வந்து இறங்கும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் அவர்கள் முதுகில்தான் கடைகளுக்குப் போகும். நீளத் துணியைச் சாக்குக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனைகளையும் மார்புக்கு மேல் முடிந்து, குந்தியிருந்து எழுந்தால் சாக்கு முதுகில் ஏறிவிடும். ஏறின கையோடு எடையைச் சொல்வார்கள். 'ஐம்பத்திரண்டு' என்றால் தராசிலும் ஐம்பத்திரண்டுதான் காட்டும், மிஞ்சிப்போனால் ஒரு கிலோ முன்னே பின்னே. வியாபாரிகள் பாதி நேரம் தராசுப் பக்கமே போவதில்லை. எடையைக் கூட்டியோ குறைத்தோ சொன்னவளை மறுநாள் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.

ருபியெம் அப்படி இருபத்து மூன்று வருஷம் சுமந்தவள். வயது நாற்பத்தேழு. இடுப்பில் வலி என்று ஆரம்பித்து, உட்கார முடியவில்லை, படுத்தால் புரள முடியவில்லை என்று ஆகி, பத்து மாதமாகச் சந்தைக்கே வரவில்லை. கெட்ட காற்று இறங்கும் என்று நாணயத்தால் முதுகைச் சிவக்கச் சிவக்கச் சுரண்டினார்கள். எலும்பு நீவுகிறவரிடம் ஏழு தடவை போனார்கள். சூட்டுத் தைலம் பூசிப் பூசித் தோல் கறுத்துப்போனது. படம் எடுத்துப் பார்த்த ஒரு டாக்டர், சுமை தூக்குகிறவர்கள் முதுகு எல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதுதான் மிச்சம்.

அவள் புருஷன் சுகிமான் சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிறவன். இப்போது சமையலும் அவன்தான். ஒரே மகள் லார்சி. அவளுக்குச் செமாராங்கில் பிரசவ நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, ஆகஸ்ட் கடைசியில் சேர வேண்டும். அவளோ, "அதுக்குள்ள அம்மா எந்திரிச்சு நடமாடலேன்னா நான் போகமாட்டேன். அம்மா துணியைக் கட்டிக்கிட்டு நானே சந்தையில எறங்கிருவேன்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். இங்கே தாய் விட்ட இடத்தில் மகள் நிற்பது வழக்கம்தான். தாயின் வியாபாரிகள் மகளைக் கூப்பிடுவார்கள். ஆனால் ருபியெம் அந்தச் சாக்குகளைச் சுமந்ததே மகள் சுமக்கக் கூடாது என்பதற்காக. அந்த நினைப்புதான் அவளை முதுகைவிட அதிகமாக வாட்டியது.

ஜூலைத் தொடக்கம், இங்கே விடியலில் பல் கிட்டிப்போகிற குளிர். அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே ஒரு பிரிவு இருப்பதாக யாரோ சொன்னார்கள். நானும் கூடப் போனேன். நான் போகாவிட்டால் இவர்கள் வரிசையில் எல்லாருக்கும் வழி விட்டுவிட்டுக் கடைசியில் வீடு திரும்பிவிடுவார்கள்.

டாக்டர் பெயர் ருமொண்டாங். சுமத்ராத் தீவில் மேடான் பக்கத்துப் பாத்தாக் இனப் பெண், குரலுக்கு ஒலிபெருக்கியே வேண்டாம்.

"அம்மா, நல்லாக் கேட்டுக்குங்க. இந்த ஊசி மருந்து இல்ல, சோதனை. முதுகெலும்புல சின்னச் சின்ன மூட்டு இருக்கு. அதுலேருந்து வலியை மூளைக்குத் தூக்கிட்டுப் போற நரம்பு ஒண்ணு, தலைமயிர் கனம்தான் இருக்கும். அதுதான் குத்தவாளியோன்னு எனக்கு சந்தேகம். எக்ஸ்ரேல பாத்துக்கிட்டே அதுமேல மரத்துப்போற மருந்து ரெண்டு சொட்டு வெப்பேன். நாலஞ்சு மணி நேரம் அது தூங்கும். அதோட சேந்து வலியும் தூங்குனா ஆள் அகப்பட்டான். இன்னொரு தடவை சோதிச்சு உறுதிப்படுத்திட்டு, சூடு வெச்சு அடக்கிரலாம். வலி போகலேன்னா வேற எடத்துல தேடணும். புரியுதா?"

"புரியுதுங்க டாக்டரம்மா."

"வீட்டுக்குப் போயிப் படுத்துக்கக் கூடாது. எதைச் செஞ்சா வலிக்குமோ அதைச் செய்யணும். அரை மணிக்கு ஒரு தரம் இந்தத் தாள்ல எழுதுங்க. வலியே இல்லேன்னா சைபர், தாங்க முடியலேன்னா பத்து. சும்மா எழுதக் கூடாது, சரியா?"

"சரிங்க. ஒங்களுக்குத்தான் சிரமம்."

உள்ளே அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெளியே வந்த டாக்டர் கனமான ஈயக் கவசத்தைக் கழற்றிப் போட்டாள். உள்ளே போட்டிருந்த சட்டை பிழிந்தால் சொட்டுமளவு நனைந்திருந்தது. "எப்படிம்மா இருக்கு?" என்று சிரித்தபடி கேட்டாள்.

"நல்லா இருக்குங்க டாக்டரம்மா. ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள் ருபியெம்.

மத்தியானம் கடையை மூடிவிட்டுப் பலாக்காய்க் குழம்போடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே லார்சி தாளை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பெரியம்மா, பாருங்களேன்! மூணு, ரெண்டு, ஒண்ணு, சைபர், சைபர்!"

பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருந்தாள். சுகிமான் தெம்பே பொரித்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. குழம்பை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனேன். ருபியெம் கிணற்றடியில் நின்றபடி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையிலிருந்த குவளை நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் பாதியில் நின்று கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது. கண்ணை மூடி மூச்சை அடக்கி நின்றாள். சைபர் இப்படியா இருக்கும்?

"ஏய், ருபியெம். என்னையப் பாரு. வலி போச்சா?"

"பரவால்லக்கா."

"பரவால்லையான்னா கேட்டேன்? போச்சா, போகலையா?"

"மெதுவாப் பேசுங்கக்கா. உள்ள கேக்கும்."

"கேக்கட்டும்! அந்தத் தாள்ல எழுதுனது யாரு வலி? எதிர்வீட்டுக்காரி வலியா?"

அவள் குவளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

"டாக்டரம்மா என்னா வேர்வையோட வந்தாங்க, பாத்தீங்கல்ல? எனக்காக அம்புட்டு நேரம் நின்னுருக்காங்க. சிரிச்ச மொகமா எப்படி இருக்குன்னு கேக்குறாங்க. அந்த மூஞ்சியப் பாத்து, ஒரு மாத்தமும் இல்லீங்கன்னு எப்படிக்கா சொல்றது? அவங்க மனசு நோகாதா?"

"அடிப் பாவி! அந்தம்மா ஒன்னைய விருந்துக்கா கூப்புட்டாங்க, சாப்பாடு பிரமாதம்னு சொல்லிட்டு வர? அடுத்த வாரம் அதே எடத்துல திரும்பக் குத்துவாங்க. நீ திரும்ப சைபர்ம்ப. அப்புறம் ஒரு பாவமும் அறியாத நரம்பைச் சுட்டு வதக்கிப்புடுவாங்க. ஒன் வலி ஒன்கூடவேதான் இருக்கும். நல்லா இருக்குன்னு நீதானே சொன்னன்னு அனுப்பி வெச்சிருவாங்க. அப்புறம் யார்கிட்டடி போவ?"

ருபியெம் சிரித்தாள். இந்த ஊர்க்காரர்கள் அழ வேண்டிய இடத்தில் சிரிப்பார்கள். இந்த இருபத்தாறு வருஷத்தில் அதை மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

"மொதல்ல மூணுன்னுதான் சொன்னேன். டாக்டரம்மாவுக்காக. லார்சி மொகம் அப்படியே மலந்துருச்சுக்கா. ரெண்டுன்னேன், சிரிச்சா. ஒண்ணுன்னேன், ஓடிப் போயிப் பெட்டியை எறக்கிட்டா. பத்து மாசமா அந்தப் புள்ள சிரிச்சு நான் பாக்கல. அப்புறம் எப்படி ஏத்திச் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இவளை என்ன செய்வது? "நான் போயி டாக்டர்கிட்டச் சொல்லிர்றேன்" என்றேன். அவள் ஈரக்கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்கக்கா. என்னையப் பொய்க்காரின்னு நெனைப்பாங்க."

"நீ பொய்க்காரிதான்! பத்துல எத்தனைன்னு நேராச் சொல்ல ஒனக்கு வாய் வராது. சரி, விடு. முதுகுல இப்ப எத்தனை கிலோ?"

"அம்பத்தஞ்சு."

சாக்கை ஏற்றின கையோடு சொல்வதுபோல் வந்து விழுந்தது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காலையில, ஊசிக்கு முன்னாடி?"

"அம்பத்தஞ்சு."

"ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு?"

அவள் கண் நிறைந்துவிட்டது. "அம்பத்தஞ்சுதாங்கக்கா. ஒரு கிலோகூட எறங்கல."

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கதவோரம் லார்சி தாளோடு நின்றாள். விறுவிறுவென்று உள்ளே போனாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றப் பார்த்தாள். சுகிமான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"அதை எதுக்கு மேல ஏத்துற? தொடைச்சாச்சுல்ல. கெடக்கட்டும் கீழயே."

"எதுக்குப்பா? எங்க போறேன் நான்?"

"அம்பத்தஞ்சு கிலோவைத் தப்பான எடத்துல தேடியிருக்காங்க, அவ்வளவுதானே? சரியான எடத்துல தேடட்டும். வந்து சாப்புடு, தெம்பே ஆறுது."

மூன்று பேர் உட்கார்ந்தோம். ருபியெம் சுவரில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டாள். கிளம்பும்போது அவள் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, "நானே சொல்றேங்கக்கா. நீங்க வாயே தொறக்கக் கூடாது" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். வாயைத் திறக்காமல் இருப்பதாக நான் செய்த சத்தியம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் லார்சி வரிசையில் இடம் பிடிக்க முன்னதாகவே போய்விட்டாள்; சுகிமான் என்னையும் ருபியெமையும் ரிக்ஷாவில் வைத்து மிதித்தான். மேம்பாலம் ஏறும்போது, "அக்கா, நீங்க எத்தனை கிலோன்னு நான் கேக்கமாட்டேன்" என்றான். இறங்கியதும் அவன் முதுகில் ஒன்று வைத்தேன்.

டாக்டர் தாளைப் பார்த்துக் குதூகலமாகிவிட்டாள். "அருமை! எண்பது சதவீதத்துக்கு மேல கொறஞ்சிருக்கு! இன்னிக்கு இன்னொரு தரம் பாத்து உறுதிப்படுத்திருவோம். சிஸ்டர், அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க."

ருபியெம் எழுந்தாள். நர்ஸ் பின்னாலேயே நடந்தாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லார்சி என் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். ருபியெம் கதவுவரை போய்விட்டாள். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். கதவுப் பிடியில் கை வைத்தவள் நின்றாள். திரும்பி வந்து, மேசைக்கு முன்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள்.

"டாக்டரம்மா, பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும். போன வாரம் ஊசிக்கு முன்னாடி அம்பத்தஞ்சு கிலோங்க."

"என்னது கிலோ?"

"வலிங்க. ஊசிக்கு அப்புறமும் அம்பத்தஞ்சுதாங்க. எறங்கவே இல்லீங்க."

டாக்டர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப ஏம்மா சைபர்னு எழுதுனீங்க?"

"நீங்க வேர்த்து வந்தீங்க" என்றாள் ருபியெம், தரையைப் பார்த்தபடி.

டாக்டர் என் பக்கம் திரும்பினாள். ருபியெம் சொல்லிவிட்டாள், இனி என் சத்தியம் செல்லாது.

"டாக்டர், இது இந்த ஊரு வியாதி. இதுக்கு ஒங்ககிட்ட ஊசி இருக்காது" என்றேன்.

அவள் நாற்காலி ஆடச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ருபியெமின் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தாள். உட்கார்ந்தால் வலிக்கும் என்று ஞாபகம் வந்து, தானே எழுந்து நின்றுகொண்டாள்.

"நான் மேடான்காரிம்மா. எங்க வீட்ல நல்லாருக்குன்னு சொன்னா நல்லாருக்குன்னுதான் அர்த்தம். இப்ப நீங்க வாயைத் தொறக்கலேன்னா தப்பான எடத்துல சூடு வெச்சிருப்பேன். எனக்கும் கேக்கத் தெரியல. திட்டமாட்டேன், ஒரே ஒரு விரலால காட்டுங்க. எங்க வலிக்குது?"

ருபியெம் கையைப் பின்னால் கொண்டுபோனாள். விரல் நடுமுதுகுக்குப் போகவில்லை. கீழே, வலது புறம், புட்டத்துக்கு மேலே குழி விழும் இடத்தில் போய் நின்றது.

"போன தடவை நடுவுல அழுத்தி இங்கதானேன்னு கேட்டேன். ஆமான்னீங்களே?"

"நீங்க கேட்டீங்களே, அதான் ஆமான்னேங்க."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாள். ருபியெமைப் படுக்கவைத்து, வலது காலை மடக்கி வெளியே சாய்த்து மெல்ல அழுத்தினாள். "இப்ப எத்தனை கிலோ?"

"அறுபத்தெட்டுங்க!" கத்தியே விட்டாள். ருபியெம் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"முதுகெலும்பு வந்து இடுப்பெலும்புல உக்கார்ற மூட்டு இது" என்றாள் டாக்டர். "வருஷக்கணக்கா ஒரே பக்கம் சாஞ்சு எழுந்திருக்கீங்க. இவனா இருக்கலாம். இன்னிக்கே இவனைத் தூங்கவெச்சுப் பாப்போம்." தாளில் 'வலி எண்' என்று அச்சடித்திருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டுப் பெரிதாக 'கிலோ' என்று எழுதினாள்.

ஊசி முடிந்ததும் எங்களை ஆஸ்பத்திரித் தோட்டத்தில் நடக்கவிட்டார்கள். வெயில் ஏறியிருந்தது. கடிகாரத்தை நான் வைத்துக்கொண்டேன். எழுதுவது லார்சி வேலை.

"எத்தனை?"

"முப்பது."

மாடிப்படி ஏறி இறங்கவைத்தோம். "பதினெட்டு." உணவகத்துப் பலகையில் அரை மணி நேரம் உட்காரவைத்து சோட்டோ சூப் வாங்கிக் கொடுத்தோம். "ஒன்பதுங்கக்கா." லார்சி அம்மா முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். போன வாரத்து சைபர்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

"குந்துடி" என்றேன், மரத்தடியில். "சாக்குக்குக் குந்துற மாதிரி குந்து."

அவள் கைலியைச் செருகிக்கொண்டு மெதுவாக இறங்கினாள். முழங்கால் மடிந்தது, இடுப்பு இறங்கியது, குதிகால் தரையில் படிந்தது. குந்திவிட்டாள். அப்படியே எழுந்து, சொல்லாமலே மறுபடியும் குந்தினாள்.

"ஆறு" என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "நெசமாவா? இல்ல, புள்ள மனசு நோகக் கூடாதுன்னு சொல்றியா?"

ருபியெம் விருட்டென்று எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. "அக்கா! எடையில நான் பொய் சொல்லுவனா? இருபத்து மூணு வருஷத்துல ஒரு வியாபாரி என்னையத் தப்புச் சொல்லியிருக்கானா? ஆறுன்னா ஆறுதான்!"

அவள் என்னிடம் கோபித்துக்கொண்டது அன்றைக்குத்தான். நான் அப்படியே அவளைக் கட்டிக்கொண்டேன். லார்சி தாளை முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மூன்று மணிக்கு மேல் மருந்தின் வேகம் இறங்க ஆரம்பித்தது. "பதினஞ்சு." "முப்பத்திரண்டு." ஒவ்வொன்றையும் ருபியெம் ஏதோ பரிசு விழுந்ததைப்போல அறிவித்தாள். "அம்பது! திரும்ப வந்துருச்சு!" வலி வந்ததற்காகச் சிரித்த ஆளை அன்றுதான் பார்த்தேன். டாக்டர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். "புஸ்தகத்துல போட்ட மாதிரி இருக்கு" என்று மேசையைத் தட்டினாள்.

பத்து நாள் கழித்து இன்னொரு சோதனை. அதிலும் ஏழுக்கு இறங்கியது. அதன்பிறகு அந்த மூட்டைச் சுற்றியிருந்த நரம்புகளுக்கு ஊசி வழியாகச் சூடு வைத்தார்கள். முதல் வாரம் சுட்ட இடமே வலித்தது, பயந்துவிட்டோம். டாக்டருக்குப் போன் போட்டு, "நாப்பதுங்க, திருப்தியா இல்லீங்க" என்று ருபியெமே சொன்னாள். பொறுங்கள், புண் ஆறட்டும் என்றாள் டாக்டர். மூன்றாவது வாரம் இருபதானது, அப்புறம் பத்தானது. பத்துக்குக் கீழே இறங்கவில்லை.

"இது நிரந்தரம் இல்லம்மா" என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். "நரம்பு திரும்ப வளரும். ஒரு வருஷம் தாங்கலாம், கூடவும் தாங்கலாம். வலி வந்தா வாங்க, மறுபடி வெப்போம். பயிற்சியை விடக் கூடாது. பதினஞ்சு கிலோவுக்கு மேல தூக்குனா நானே வந்து ஒதைப்பேன்."

"சரிங்க" என்றவள், சற்று நேரம் கழித்து, "எங்க வேலையில அது கஷ்டங்க, டாக்டரம்மா" என்றாள். அதன்பிறகுதான் இருவரும் உட்கார்ந்து என்ன செய்யலாம் என்று பேசினார்கள். சந்தைப் பெண்களும் கூடிப் பேசிக் கீரைக்கட்டும் வாழையிலையும் வெங்காயத்தாளும் இனி ருபியெமுக்கு என்று ஒதுக்கினார்கள். சாக்குப் பக்கம் அவள் போனால் விரட்டினார்கள். வருமானம் பாதிதான், ஆனால் ஆள் நின்றாள், நடந்தாள், சந்தையில் இருந்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் லார்சி கிளம்பினாள். பேருந்து நிலையம் சந்தைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் கடையை அப்படியே போட்டுவிட்டு, பொட்டலம் கட்டிய சோற்றோடு ஓடினேன். செமாராங் வண்டி புகை விட்டுக்கொண்டு நின்றது. சுகிமான் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, யாரும் பார்க்கக் கூடாதென்று டயரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

லார்சி படியில் ஒரு காலை வைத்துவிட்டு இறங்கி வந்தாள். "அம்மா, நான் போறது ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கா?"

ருபியெம் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். 'அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு.' இந்த ஊரில் வேறு பதிலே கிடையாது.

அவள் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கஷ்டமாத்தான் இருக்குடி. ரொம்பக் கஷ்டமா இருக்கு. ஏறு, வண்டி கெளம்புது."